மீன்பிடித் தொழிலில் மூன்றாம் இடம்

வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், ஒரு கையில் தேநீர்க் குவளையும் மறுகையில் செல்போனுமாக நின்றபோதுதான் கத்தரிக்கோல் அந்தச் செய்தியைப் பார்த்தாள். "வாழ்த்துகள்! உங்கள் நாடு மீன்பிடித் தொழிலில் உலகிலேயே மூன்றாம் இடத்தைப் பிடித்திருக்கிறது."

"மீனாவது மண்ணாங்கட்டியாவது!" என்று கத்தினாள். கேட்கத்தான் வீட்டில் ஆளில்லை. கணவன் இன்னும் வேலை முடிந்து வந்து சேரவில்லை. அவன் வந்து கதவைத் திறக்கும்போது இவள் பேருந்தில் இருப்பாள். அவர்கள் குடும்பம் நடத்துகிற லட்சணம் அப்படி.

கத்தரிக்கோல் என்பது அவளுக்கு ஆஸ்பத்திரியில் வைத்த பெயர். அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, கிருமி நீக்கி, பொட்டலம் கட்டி அனுப்புகிற பிரிவில் வேலை. ரத்தத்தோடு வந்து இறங்கும் இடுக்கிகளின் மூட்டு மூட்டாகப் பிரஷ் போட்டுத் தேய்ப்பாள். கத்தரிகளை ஈரத் துணியில் வெட்டிப் பார்ப்பாள். நுனிவரை சுத்தமாக வெட்டாததை எடுத்துத் தனியே வீசிவிடுவாள். நீராவிப் பெட்டியிலிருந்து ஒரு பொட்டலம் லேசாக ஈரத்தோடு வந்தாலும் போச்சு, பிரித்துப்போட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும் அவளுக்கு. மனிதர்களிடமும் இதே கதைதான். அரைகுறையாக ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்கு ஆகாது. பெயர் சும்மா வந்துவிடவில்லை.

கணவன் ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசைகிற இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவன். அவனுக்கு ராத்திரி ஷிப்ட், அவளுக்குப் பகல் ஷிப்ட். அவனுக்கு விடுமுறை செவ்வாய்க்கிழமை, அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை. கல்யாணமான புதிதில் இது ஏதோ தற்காலிக ஏற்பாடு என்றுதான் இருவரும் நினைத்தார்கள். தற்காலிகம் அப்படியே சட்டமாகச் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டது. மெத்தையில் அவள் படுத்த சூடு ஆறுவதற்குள் அவன் வந்து படுப்பான், அவ்வளவுதான் தாம்பத்தியம். இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்லுவது?

அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் அந்த விளையாட்டு நுழைந்தது. இணையத்தில் ஆளுக்கொரு நாடு கொடுப்பார்கள். காலையில் ஒரு பிரச்சினை வரும், மாலையில் ஒரு பிரச்சினை வரும். பள்ளிக்கூட மணி சத்தமாக அடிக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் மறியல் செய்கிறார்கள், என்ன செய்யப் போகிறீர்கள் என்கிற மாதிரி. கீழே மூன்று யோசனைகள். ஒன்றைக் குத்தினால் அது சட்டம். உடனே புள்ளிவிவரம் மாறும். மகிழ்ச்சி, சோம்பேறித்தனம், மரியாதை, குடை உற்பத்தி என்று கண்டதற்கெல்லாம் உலகத்தில் உங்களுக்கு எத்தனையாவது இடம் என்று வரிசை போட்டுக் காட்டுவார்கள்.

அந்த வரிசை எப்படி வருகிறது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. ஆசிரியர்களின் சம்பளத்தை உயர்த்தினால் குடை உற்பத்தி விழும். பூங்கா திறந்தால் சிறைச்சாலை நிறையும். ஒருமுறை கத்தரிக்கோல் நூலகங்களை நாள் முழுவதும் திறந்துவைக்கச் சட்டம் போட்டாள். மறுநாளே அவளுடைய மக்கள் மரியாதையில்லாத மக்கள் வரிசையில் உலகத்தில் இரண்டாம் இடம். கொதித்துப்போய் விளையாட்டு நடத்துகிறவர்களுக்குக் கடிதம் எழுதினாள். "அனைத்தும் தங்கள் முடிவுகளின் விளைவே" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலை எழுதியவன் மட்டும் அன்றைக்கு அவள் கையில் சிக்கியிருந்தால், அவனையும் நீராவிப் பெட்டிக்குள் தள்ளியிருப்பாள்.

நாட்டுக்குத் தூங்காநாடு என்று பெயர் வைத்தது கணவன்தான். "காலைப் பிரச்சினையை நீ பாரு, சாயங்காலப் பிரச்சினையை நான் பாக்குறேன். ரெண்டு பேரும் சேர்ந்து ஆளலாம்" என்றான். ஒரே கடவுச்சொல், இரண்டு செல்போன். அவன் மாவு ஊறுகிற நேரத்தில் உட்கார்ந்து பதில் சொல்வான். காலையில் கண் விழித்ததும் அவன் என்ன செய்திருக்கிறான் என்று அவள் பார்ப்பாள். அவன் கிழட்டு யானைகளுக்கு ஓய்வூதியம் கொடுத்திருப்பான். இவள் தலையில் அடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, பேருந்தில் போவாள். நேரில் பேச வாய்க்காத இருவருக்கு அதுதான் பேச்சு. புருஷன் மனசில் என்ன ஓடுகிறது என்பதை அவள் தூங்காநாட்டுச் சட்டங்களிலிருந்துதான் தெரிந்துகொண்டாள். சிரிக்காதீர்கள். சில வீடுகளில் அதுகூட இல்லை.

சில மாதங்களுக்கு முன் தலைமை நர்ஸ் அவளைக் கூப்பிட்டார். வேறு ஊரில் புதிய ஆஸ்பத்திரி திறக்கிறார்கள், கிருமி நீக்கும் பிரிவுக்குப் பொறுப்பாளராகப் போகிறாயா, தங்குவதற்கு அறையும் உண்டு என்று கேட்டார். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து போகலாம். கத்தரிக்கோலுக்கு மனசுக்குள் ஆசை துள்ளியது. வீட்டுக்கு வந்து, தூங்கி எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்த கணவனிடம் சொன்னாள்.

"உன் இஷ்டம்" என்றான் அவன், துண்டை எடுத்துக்கொண்டே.

"என் இஷ்டம்னா? போகவா, வேணாமா?"

"அதான் சொன்னேனே, உன் இஷ்டம்னு. எனக்கு நேரமாச்சு."

போய்விட்டான். உலகத்தில் அவளுக்குப் பிடிக்காத வார்த்தை அது ஒன்றுதான். உன் இஷ்டம் என்றால் போ என்றும் அர்த்தமில்லை, இரு என்றும் அர்த்தமில்லை. ஈரப் பொட்டலம்.

மறுநாள் காலையில் செல்போனைத் திறந்தாள். முந்தின மாலையில் வந்த பிரச்சினை: கணவன் ஒரு ஷிப்டிலும் மனைவி ஒரு ஷிப்டிலும் உழைக்கிற குடும்பங்கள் முறையிடுகின்றன. முதல் யோசனை, இருவருக்கும் ஒரே நாளில் வார விடுமுறை கொடுக்கவேண்டும் என்று முதலாளிகளுக்கு உத்தரவு. இரண்டாவது, அது அவரவர் வீட்டு விவகாரம், உற்பத்தி கெடக்கூடாது. மூன்றாவது, எப்படியும் சேர்ந்து தூங்கப்போவதில்லை, பாதி விலைக்கு ஒற்றைக் கட்டில் கொடுத்துவிடலாம். தூங்காநாட்டில் முதல் யோசனை சட்டமாகியிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு வந்ததும் கத்தரிக்கோல் பொட்டலம் கட்டுகிற அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வாயால் சொல்லத் தெரியாத மனுஷன், மாவு ஊறுகிற நேரத்தில் இப்படிச் சொல்லியிருக்கிறான் என்று நினைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே தலைமை நர்ஸிடம் போனாள். "இல்ல சிஸ்டர், நான் போகலை. வேற யாரையாவது அனுப்புங்க" என்றாள்.

அதன்பிறகு அவள் காத்திருந்தாள். இன்றைக்கு வந்து, விடுமுறையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன் என்பான், நாளைக்குச் சொல்வான். அவன் சொல்லவேயில்லை. ரொட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான், சாப்பிட்டான், தூங்கினான். செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமையாகவே இருந்தது. அவளும் வாய்விட்டுக் கேட்கவில்லை. சட்டம் போட்டவனுக்குத் தெரியாதா என்ன என்று வீம்பு.

இப்போது இந்த மீன்.

பேருந்தில் உட்கார்ந்து பழைய சட்டங்களையெல்லாம் புரட்டினாள். மாலைப் பிரச்சினைகளில் எங்கே பார்த்தாலும் மீன் வாடை. பள்ளிக் குழந்தைகளுக்கு மதியம் என்ன கொடுக்கலாம்? மீன். கடற்படைக் கப்பல் சும்மா நிற்கிறதே? மீனவர்களுக்குக் கொடுத்துவிடலாம். கொடியில் எந்தப் படம்? இரண்டு மீன், நடுவில் ஒரு வலை. அவளுடைய புருஷனோ மீன் வறுக்கிற வீட்டைத் தாண்டிப் போகவேண்டுமென்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கமாகப் போகிறவன். கல்யாண விருந்தில் பக்கத்து இலையில் மீன் வைத்தார்கள் என்று எழுந்து போனவன். அவனா இப்படி? முதலில் அவளுக்குக் குழப்பம். பிறகு சந்தேகம். எந்த மீன்காரியிடம் மயங்கிப்போய்க் கிடக்கிறான் என்று நினைத்ததும் உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரமே தலைமை நர்ஸ் மறுபடியும் கூப்பிட்டார். புதிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவள் ஒத்துவராமல் திரும்பிவிட்டாளாம். "இந்தத் தடவை கடைசி. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு போன் பண்ணிச் சொல்லிடும்மா" என்றார்.

ஞாயிறு விடிந்ததும் கத்தரிக்கோல் ரொட்டித் தொழிற்சாலையின் பின்வாசலில் போய் நின்றாள். ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தலை, புருவம், காது மடல் எல்லாம் மாவு. வாசலோரக் குழாயடியில் ஒரு பெரியவர் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். கையெல்லாம் சூட்டுத் தழும்பு. அடுப்பில் தட்டு தள்ளுகிறவர், எல்லோரும் அடுப்பண்ணன் என்பார்கள், கணவன் வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

தன் கணவன் எங்கே என்று அவரிடம் கேட்டாள்.

"உடுப்பு மாத்திட்டு வருவான், இரும்மா" என்றவர், அவளை ஏற இறங்கப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அட, நீதான் தூங்காநாட்டுக் காலை ராணியா? ரொம்ப நாளா உன்னைப் பாக்கணும்னு இருந்தேன் தங்கச்சி. நல்லாத்தான் ஆளுற. ஆனா போன வாரம் படகுக்கு வரி போட்ட பாரு, அதுதான் எனக்கு மனசு கேக்கலை."

கத்தரிக்கோலுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை.

"படகு உங்களுக்கு என்னண்ணே?"

"என்னம்மா இப்படிக் கேக்குற? சாயங்காலத்துக்கு நான்தானே ராஜா! பொறந்தது கடக்கரை. அப்பன், சித்தப்பன் எல்லாம் படகு. நான் ஒருத்தன்தான் அடுப்புகிட்ட வந்து விழுந்தேன். அதான் கொஞ்சம் மீன் பக்கமாச் சாஞ்சுடுது." அசடு வழியச் சிரித்தார். "உன் வீட்டுக்காரன் கடவுச்சொல்லை என்கிட்ட குடுத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே. உன்கிட்ட சொல்லிட்டதாத்தானே சொன்னான்?"

ஒரு வருஷத்துக்கு மேல். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த ஷிப்ட் சட்டம்? ஒரே நாள்ல லீவு?"

அடுப்பண்ணனின் சிரிப்பு நின்றது. துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "நானும் என் வீட்டுக்காரியும் உங்களை மாதிரிதாம்மா. அவ பகல், நான் ராத்திரி. கடைசி வரைக்கும் ஒண்ணா ஒரு நாள் உக்காரலை. அவ போய்ச் சேந்துட்டா. அந்தக் கேள்வி வந்ததும் எனக்கு ரெண்டாவது மூணாவதெல்லாம் கண்ணுலயே படலை."

அவரிடம் கோபப்பட முடியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது யாரோ முகம் தெரியாத ஒரு மனுஷனின் துக்கத்துக்காக. அவள் வேண்டாம் என்று சொன்ன வேலை, காத்திருந்த மாதங்கள், மனசுக்குள் மன்னித்துவிட்ட மன்னிப்புகள் எல்லாம் விலாசம் தப்பிப் போயிருந்தன. கணவன் தலையைத் துவட்டிக்கொண்டே, ரொட்டிப் பையோடு வெளியே வந்தான். இவளையும் அடுப்பண்ணனையும் சேர்த்துப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தான். அவளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

இருவரும் ஒரே பேருந்தில் வீட்டுக்கு வந்தார்கள். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"சொந்தப் பொண்டாட்டியோட பேசுறதுக்கு ஆள் வச்சிருக்கீங்களா?"

"என்ன பேச்சு இது? ஒரு விளையாட்டு. அதுக்குப் போயி…"

"விளையாட்டா? உங்களுக்கும் எனக்கும் நடுவுல வேற என்ன இருக்கு, சொல்லுங்க பாப்போம்! இந்த மெத்தையா? அதுலகூட மாத்தி மாத்தித்தான் படுக்கிறோம். அது ஒண்ணுதானே இருந்துச்சு. அதையும் தூக்கி இன்னொருத்தர் கையில குடுத்துட்டு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"எனக்கு அது ஒத்துவரலை" என்றான். நாற்காலியில் விழுந்தான். "நான் எதைத் தொட்டாலும் ஏதோ ஒண்ணு இறங்கிடுது. யானைக்குப் பென்ஷன் குடுத்தா ரயில் நின்னுபோகுது. மறுநாள் நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு, ஏன் இதைக் குத்துனீங்க, நம்ம இடம் போச்சேன்னு சீட்டு எழுதி ஒட்டிட்டுப் போவ. வேலையிலயும் திட்டு, நாட்டுலயும் திட்டா? அண்ணன் ஆசையாக் கேட்டாரு. குடுத்துட்டேன்."

சீட்டு எழுதி ஒட்டியது உண்மைதான். குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். வரிசையில் கீழே போனால் அவளுக்குத் தாங்காது. அந்த உண்மை அவள் கோபத்தைக் குறைத்திருக்கவேண்டும். குறைக்கவில்லை, இன்னும் கூட்டியது. அதை அன்றைக்கே முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் சீட்டைக் கிழித்துப் போட்டிருப்பாளே!

"சரி, என் தப்பு. நான் திட்டுனேன்" என்றாள். "அதுக்கு நீங்களும் திருப்பித் திட்டியிருக்கணும். இப்படி வாயை மூடிக்கிட்டு நழுவுவாங்களா? அந்த ஷிப்ட் சட்டத்தைப் பாத்துட்டுத்தான் நான் அந்த வேலைய வேணாம்னு சொன்னேன். தெரியுமா?"

"எந்தச் சட்டம்?"

அவனுக்குத் தெரியவே தெரியாது. அவள் செல்போனைத் திறந்து அவன் முன்னால் மேசையில் வைத்தாள். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு படித்தான். மூன்று யோசனைகளையும் படித்தான். இந்தமுறை அவள் அவசரப்படுத்தவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நீங்களா இருந்தா எதைக் குத்தியிருப்பீங்க? உன் இஷ்டம்னு மட்டும் சொன்னீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

பொய் சொல்ல நினைத்தான் என்பது முகத்தில் தெரிந்தது. அதற்கும் தெம்பில்லை என்பதும் தெரிந்தது.

"ரெண்டாவது" என்றான்.

"எது?"

"அவங்கவங்க வீட்டு விவகாரம்ங்கிறது. ஞாயித்துக்கிழமை எல்லாரும் லீவு எடுத்துட்டா திங்கக்கிழமை ரொட்டிக்கு யாரு மாவு பிசையறது? கேட்டா மேஸ்திரி திட்டுவான். நான் போயிக் கேக்கமாட்டேன். எனக்குப் பயம். அதான் நெசம்."

இத்தனை நாளில் அவன் அவளிடம் சொன்ன முழு வாக்கியம் இதுதான். கேட்பதற்குக் கசப்பாக இருந்தது, ஆனால் கிழியாமல், பிசிறில்லாமல் இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் அப்படியே இருந்தது. எங்கே போய் இறங்குவது என்று தெரியாமல் இத்தனை நாள் வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்த கோபத்துக்கு இப்போது வழி தெரிந்துவிட்டது.

மேசையிலிருந்த செல்போனை எடுத்து, விளையாட்டை மூடிவிட்டு, தலைமை நர்ஸின் எண்ணை அழுத்தினாள்.

"சிஸ்டர், நான்தான். அந்த வேலை இருக்குதானே? வரேன். ஆமா, வீட்டுல கேட்டுட்டேன். இல்ல, யோசிக்க ஒண்ணும் இல்ல. நாளைக்கேன்னாலும் சரி."

வைத்துவிட்டாள். கணவன் எழுந்து நின்றிருந்தான். ரொட்டிப் பை இன்னும் அவன் கையிலேயே இருந்தது.

"நெசமாவே போறியா?"

"உங்களைக் கேட்டேன். நீங்க பதில் சொல்லிட்டீங்க. இதையே அன்னைக்குச் சொல்லியிருந்தா இத்தனை மாசம் மிச்சம்."

"கோவத்துல முடிவு எடுக்காத."

"கோவத்துலதான் எடுக்குறேன்! கோவம் இல்லாம இருந்தப்போ எடுத்தேனே, அது யாரோ ஒரு அண்ணன் குத்துனதைப் பாத்து எடுத்தது."

அவள் அலமாரியின் மேலிருந்து பெட்டியை இழுத்தாள். அவன் பையை வைத்துவிட்டு வந்து ஒரு பக்கம் பிடித்தான். இறக்கிக் கட்டில்மேல் வைத்தார்கள். அவள் உடுப்புகளை அடுக்க ஆரம்பித்தாள்; கருவிகளை அடுக்குவதுபோலவே, பெரியது கீழே, சிறியது மேலே. அவன் பக்கத்தில் நின்று பார்த்தான். தூங்குகிற நேரம் அவனுக்குத் தாண்டிக்கொண்டிருந்தது.

"அந்த ஊர்லயும் ரொட்டி போடுற இடம் ஏதாவது இருக்கும்" என்றான் மெதுவாக. "நான் வேணா அங்க…"

கத்தரிக்கோல் மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பயத்துல சொல்லாதீங்க. நான் திட்டுவேன்னும் சொல்லாதீங்க. படுத்துத் தூங்குங்க. எழுந்து, நல்லா யோசிச்சு, வரணும்னு தோணுச்சுன்னா அங்க வந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. வேணாம்னு தோணுச்சுன்னாலும் வந்துதான் சொல்லணும்."

அவன் தலையாட்டினான்.

"வாயத் திறந்து சொல்லுங்க" என்றாள் அவள்.